எம்ஜிபி, போர்ஷே 944, எம்எக்ஸ்-5: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன் எங்கே பார்க்க வேண்டும்?

அதிகம் செலவாகாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுபவர் முன் அடிக்கடி வந்து நிற்கும் பெயர்கள் மூன்று. 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி, 1982 முதல் 1991 வரை வந்த போர்ஷே 944, 1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. மூன்றுமே ஓட்டுவதற்கு அருமையானவை. ஆனால் ஒவ்வொன்றும் கெட்டுப்போகும் விதம் வேறு. அந்தக் கோளாறு பணம் கொடுப்பதற்கு முன்பே நம் கண்ணில் படுமா, படாதா? நான் ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது இதைத்தான்.

எம்ஜிபியின் எதிரி துரு. இதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஓடும் சில் பகுதிதான் காரின் முதுகெலும்பு. அது உள்ளே அரித்துப்போயிருந்தாலும் மேலே பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிட்டால் பளபளவென்றுதான் தெரியும். இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இறுகினாலோ, இடைவெளி குறைந்தாலோ, சில் பலமிழந்துவிட்டது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது.

எம்எக்ஸ்-5-இலும் சில் துருப்பிடிக்கும், ஆனால் காரணம் வேறு. மடக்குக் கூரையில் விழும் தண்ணீர் வடிவதற்கு சீட்டுக்குப் பின்னால் துளைகள் உண்டு. அவை குப்பையால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள சில் பகுதிதான் முதலில் போகும். குனிந்து கைவிட்டுத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். 944-இன் பாடி துத்தநாகப் பூச்சுடன் வந்தது. இந்த விஷயத்தில் மற்ற இரண்டையும்விட நிம்மதி.

ஆனால் என்ஜினுக்கு வந்தால் அந்த நிம்மதி போய்விடும். 944-இன் 2.5 லிட்டர் என்ஜினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். வால்வுகள் வளைந்துவிடும். பிறகு என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் முடியாது. கூடவே என்ஜின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுகளுக்குத் தனி பெல்ட் வேறு. கிலோமீட்டர் அதிகம் ஓடாத கார் என்றாலும் இந்த பெல்ட்டுகளுக்கு வயதாகும். சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும். கோளாறு வெளியே தெரியவே தெரியாது, கார் அழகாக ஓடிக்கொண்டிருக்கும். அதனால் 944-ஐப் பார்க்கப் போனால் முதலில் பில்லைக் கேளுங்கள், அப்புறம் பானெட்டைத் திறக்கலாம். "போன வருஷம்தான் மாத்தினோம்" என்ற வாய்வார்த்தை போதாது. பில் இல்லையென்றால் பெல்ட், ரோலர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டுதான் பேச வேண்டும். கூலன்ட் டப்பாவில் பால் கலந்த காபி நிறத்தில் ஏதாவது மிதந்தால் ஆயில் கூலர் சீல் போயிருக்கலாம். 16 வால்வு கொண்ட 944எஸ், எஸ்2 என்றால் வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகளுக்கு நடுவே செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் விசாரியுங்கள்.

எம்ஜிபியின் 1798 சிசி என்ஜின் எதையும் மறைக்காது. நன்றாகச் சூடான பிறகு ஓடும் வேகத்தில் ஆயில் பிரஷர் சுமார் 50 பிஎஸ்ஐ காட்டினால் சரி. ஐடிலிங் நிலையில்லாமல் ஏறி இறங்கினால் எஸ்யூ கார்புரேட்டரில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டும்போது லொடலொடவென்றால், ஒன்று வீல் பேரிங் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் கிரீஸ் காணாமல் தேய்ந்திருக்கும்.

எம்எக்ஸ்-5-இல் வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் டிக் டிக் என்று சத்தம் போடுவதைக் கேட்டுப் பலர் பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஆயில் மாற்றினாலே அடங்கிவிடும். பயப்பட வேண்டியது ஆரம்பகால 1.6 லிட்டர் என்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் முன்முனையைப் பார்த்துத்தான். 1991-இன் நடுப்பகுதி வரை வந்தவற்றில் அந்த முனை குட்டையானது. அதிலுள்ள போல்ட் சரியாக இறுகாவிட்டால், புல்லியை நழுவாமல் பிடிக்கும் சாவிக்காடி தேய்ந்து டைமிங் நழுவும். கிராங்க் போல்ட்டைச் சுற்றி நான்கு வெட்டுகள் தெரிந்தால் குட்டை முனை, எட்டு என்றால் பிந்தைய நீண்ட முனை. என்ஜின் ஓடும்போது புல்லி தள்ளாடினால் அந்தக் கார் வேண்டாம்.

கிளட்ச் விஷயத்தில் 944-க்கு ஈடு எதுவுமில்லை, கெட்ட அர்த்தத்தில்தான். கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் எக்ஸாஸ்டையும், என்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் டார்க் டியூபையும் அசைக்காமல் கிளட்சைத் தொட முடியாது. கூலி தாளித்துவிடும். எம்எக்ஸ்-5-இல் பெடல் தொய்ந்தால் பெரும்பாலும் கிளட்சைத் தள்ளும் சிறிய ஸ்லேவ் சிலிண்டர்தான் காரணம்.

ஸ்பேனர் பிடிக்கப் பிடிக்கும் என்பவருக்கு எம்ஜிபியைச் சொல்வேன். உதிரி பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, புது பாடி ஷெல்கூடத் தயாரிக்கிறார்கள். ஏறி உட்கார்ந்து ஓட்டினால் போதும் என்பவருக்கு எம்எக்ஸ்-5. மூன்றிலும் எனக்கு மனதுக்கு மிகப் பிடித்தது 944, ஆனால் கோப்பு நிறைய பில்களோடு வரும் 944-ஐ மட்டுமே வாங்கச் சொல்வேன்.

எதைப் பார்க்கப் போனாலும், நீங்கள் வரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது வரும் புகையையும் சத்தத்தையும் நீங்கள் பார்க்க முடியாது. இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.