ட்ரோலிங் மோட்டார்: காலால் ஓட்டுவதா, கையால் ஓட்டுவதா?

ட்ரோலிங் மோட்டார், அதாவது மீன்பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும் சிறிய மின்மோட்டார், வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை பவுண்டு உந்துவிசை வேண்டும் என்பதைத்தான். அதற்கு விடை எளிது. படகு, ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்ந்த எடையில் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் 2 பவுண்டு உந்துவிசை. காற்றும் நீரோட்டமும் மிகுந்த இடமென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. ஏறத்தாழ 55 பவுண்டு வரை 12 வோல்ட் போதும். 80 பவுண்டு அளவுக்கு 24 வோல்ட், 100ஐத் தாண்டினால் 36 வோல்ட். கணக்கு அவ்வளவுதான். டில்லர் (கையால் திருப்பும் கைப்பிடி), கேபிள் பெடல், மின்பெடல், ரிமோட் என எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய பிறகு எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. மோட்டாரைக் கையால் இயக்கப்போகிறோமா, காலால் இயக்கப்போகிறோமா, அந்த நேரத்தில் உடம்பு எந்த நிலையில் இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். விசை குறைந்தால் மெதுவாகப் போகலாம். இடுப்பு பிடித்துக்கொண்டால் கரைக்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை.

உட்கார்ந்தபடி மீன்பிடிக்கும் சிறு படகுக்கு டில்லர்தான் சரி என்பது என் உறுதியான கருத்து. மோட்டாரை அமரத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், மாட்டிக் கைப்பிடியைத் திருகினால் படகு முன்னே போகும். எதிர்ப்பக்கம் திருகினால் பின்னே வரும். பழுதாவதற்கு அதில் அதிகம் ஒன்றும் இல்லை. வாங்கும்போது கைப்பிடியின் நீளத்தைப் பாருங்கள். குட்டையான கைப்பிடி என்றால் உடம்பை முறுக்கி, தோளைப் பின்னுக்குத் தள்ளி உட்கார வேண்டும். மத்தியானத்துக்குள் கழுத்து இறுகிவிடும். இழுத்து நீட்டவும் மேலும் கீழும் சாய்க்கவும் முடிகிற கைப்பிடியில் முழங்கை விலாவை ஒட்டி இயல்பாக இருக்கும்.

வேகம் மாறும் விதமும் கையின் அலுப்பைத் தீர்மானிக்கிறது. முன்னே போக ஐந்து நிலை மட்டுமே உள்ள மோட்டாரில், காற்றை எதிர்த்துப் படகை ஓரிடத்தில் நிறுத்தப் பார்க்கும்போது இரண்டாம் நிலை போதாது, மூன்றாம் நிலை மிஞ்சிவிடும். கை ஓயாமல் திருகிக்கொண்டே இருக்கும். படியில்லாமல் சீராகக் கூடிக் குறையும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. அது மின்சாரத்தைத் துடிப்புகளாக வெட்டி அனுப்புவதால் மெதுவாகப் போகும்போது பேட்டரியும் நெடுநேரம் தாங்குகிறது. டில்லரில் பெரிய குறை, ஒரு கை அதற்கே போய்விடுவதுதான். தூண்டிலைத் திரும்பத் திரும்ப வீசி, ரீலைச் சுற்றிக்கொண்டே நகர வேண்டியவர்களுக்கு இது ஒத்துவராது.

அவர்களுக்கு உரியது அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், பொருத்தும் பெடல் மோட்டார். பெடலைக் கம்பியால் மோட்டாரோடு இணைத்த கேபிள் பெடலில் கால்விரல் பக்கம் அழுத்தினால் வலப்பக்கம், குதிகாலை அழுத்தினால் இடப்பக்கம். பாதத்தின் அசைவு அந்தக் கணமே தண்ணீருக்குள் இருக்கும் மோட்டாருக்குப் போய்ச் சேருகிறது. இதில் நான் மிகவும் மதிக்கும் ஒன்றை விளம்பரங்களில் காண முடியாது: பெடல் சாய்ந்திருக்கும் கோணத்தை வைத்தே மோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாதத்துக்குத் தெரிந்துவிடும். கண்ணைத் தூண்டில் கயிற்றிலிருந்து எடுக்க வேண்டியதே இல்லை. நீர்ப்பாசியில் மோட்டார் சிக்கினால் அந்த இறுக்கமும் காலுக்கு வந்து சேரும். வேகத்தைக் கூட்டும்போது மட்டும் எதிர்விசை பெடலைத் தள்ளும். அதைக் கணுக்காலால் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

இனி உடம்புக்கு வருவோம். பெடல் படகின் தளத்துக்கு மேலே கட்டை வைத்ததுபோல் உயர்ந்து நிற்கிறது. அதில் ஒரு காலை வைத்தால் முழு எடையும் மறுகாலில் இறங்கும், இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், முதுகின் அடிப்பகுதி வளைந்தே இருக்கும். அரைமணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. நாள் முழுதும் அப்படி நின்றால் மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது தெரியும். தளத்தில் பள்ளம் வெட்டி, பெடல் தளத்தோடு மட்டமாக உட்காரும்படி ஒரு தட்டு பொருத்துவதே இதற்குச் சிறந்த தீர்வு. இரண்டு பாதமும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும். மோட்டாருக்குச் செலவு செய்ததில் எனக்கு அதிக நிம்மதி தந்தது மோட்டாரே அல்ல, இந்தப் பள்ளம்தான். தளத்தை வெட்ட முடியாத படகில் பெடலின் உயரத்துக்கே ஒரு பலகையைச் செய்து மறுகாலுக்குக் கீழே போடலாம். வழுக்காத பாய் ஒட்டி, நகராமல் இறுக்கிவிட வேண்டும். பாதி நின்று பாதி சாய்ந்து கொள்ளும் உயரமான சிறு இருக்கையும் முழங்காலுக்கு நல்லது. தடித்த அடிப்பாகமுள்ள செருப்போடு பெடலை மிதிக்காதீர்கள். நுண்ணிய அசைவு காலுக்கே எட்டாது.

பெடலில் உள்ள பொத்தானையும் கவனியுங்கள். காலால் அழுத்தினால் சுழன்று, எடுத்தால் நிற்கும் முறை ஒன்று. ஓடிக்கொண்டே இருக்கும்படி விடும் முறை மற்றொன்று. நின்று மீன்பிடிக்கிறவர்களுக்கு முதல் முறைதான் பாதுகாப்பு. தடுமாறி விழுந்தாலும் கால் எடுத்ததும் மோட்டார் நின்றுவிடும்.

மின்பெடலில் கேபிள் கிடையாது. பாதத்தைச் சற்றே அசைத்தால் போதும், மோட்டாரை ஒரு சிறு இயந்திரம் திருப்பிவிடும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது வரம். பெடலைப் படகில் நினைத்த இடத்தில் வைத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் திரும்புவதில் ஒரு சிறு தாமதம் இருக்கிறது, மெல்லிய இரைச்சலும் இருக்கிறது. மோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது பாதத்துக்குத் தெரியாது. மோட்டாரின் தலைப்பாகத்தில் உள்ள அம்புக்குறியை நிமிர்ந்து பார்க்க வேண்டும். பாறைகளுக்கும் மூழ்கிய மரங்களுக்கும் நடுவே நுழைந்து போகிறவர்களுக்கு அந்தத் தாமதம் எரிச்சலூட்டும். திறந்த நீரில் பொருட்டே அல்ல. 2019இல் வந்த கார்மின் ஃபோர்ஸ், லோரன்ஸ் கோஸ்ட் போன்ற மோட்டார்கள் கேபிளின் உணர்வையே மின்பெடலில் கொண்டுவர முயன்றிருக்கின்றன. சரியான திசையில் எடுத்து வைத்த அடி இது.

ரிமோட் கழுத்தில் தொங்கும். படகின் எந்த மூலையில் நின்றாலும் ஓட்டலாம், உட்காரலாம், காலை நீட்டலாம். ஜிபிஎஸ் உள்ள மோட்டாரென்றால் ஒரு பொத்தானை அழுத்தியதும் நங்கூரம் போடாமலே படகு அந்த இடத்தைச் சுற்றியே நிற்கும். ஆழமான நீரில் நங்கூரக் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை நொந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: காற்று வீசியதும் மோட்டார் தானாகவே சட்டென்று சுழலத் தொடங்கும். அணியத்தின் ஓரத்தில் நிற்பவர் கால் தடுமாறலாம். பக்கத்தில் இறக்கிய தூண்டில் கயிறு விசிறியில் சுற்றிக்கொள்ளலாம். நெளிந்து நெளிந்து போக வேண்டிய இடத்தில் ரிமோட் சரிப்படாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் பொத்தானைப் பலமுறை அழுத்த வேண்டும், கண்ணும் அங்கேயே போகும். பார்க்காமல் தடவியே கண்டுபிடிக்கும்படி பொத்தான்கள் புடைத்திருக்கின்றனவா என்று ஈரக் கையோடு சோதித்துப் பாருங்கள். ரிமோட்டுக்குள் போடும் சிறிய பேட்டரி ஒன்றை எப்போதும் படகில் வைத்திருங்கள்.

என் படகில் இப்போது இருப்பது பள்ளத்தில் பதித்த கேபிள் பெடல். நான் கரையோரமாகத் தூண்டில் வீசிக்கொண்டே போகிறவன் என்பதால் இதை மாற்றும் எண்ணம் இல்லை. இரையை மெதுவாக இழுத்துக்கொண்டு நீண்ட தூரம் போகிறவராக இருந்தால் ரிமோட்டையும் மின்பெடலையும் சேர்த்தே வாங்கியிருப்பேன்.

உப்புநீரில் ஓட்டுகிறவர்கள் உப்புநீருக்கென்றே செய்த மோட்டாரை வாங்க வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பியதும் பெடலின் கீல்களை நன்னீரால் கழுவ வேண்டும். உப்பு படிந்த கீல் முதலில் கனக்கும், பிறகு ஒரு பக்கம் மட்டும் திரும்ப மறுக்கும். கேபிளைக் கூர்மையாக வளைத்துச் செருகக் கூடாது. வளைந்த இடத்திலேயே உள்ளிருக்கும் கம்பி உரசித் தேயும். கடையில் பார்க்கும்போது பெடலைத் தரையில் வைத்து, கையில் ஒரு தூண்டில் கோலைப் பிடித்தபடி கால்மணி நேரமாவது அதில் காலை வைத்து நில்லுங்கள். வேகத் திருகு எந்தப் பக்கம் இருக்கிறது, உங்களுக்குப் பழக்கமான காலின் விரலுக்கு அது எட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.