குறுக்கெழுத்தோடு ஆறு வருடம்: கடை என்றால் கடை மட்டுமா?

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அந்தப் பயண நேரத்துக்காகத்தான் சிலேடைக் குறிப்பு வைத்த தமிழ்க் குறுக்கெழுத்துகளைப் போட ஆரம்பித்தேன். ஆறு வருடம் ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று என் அனுபவத்தை எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதம் ஒரு புதிர்கூட முழுதாக நிரம்பவில்லை. குறிப்பை வாக்கியமாக வாசித்ததுதான் தப்பு. ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும், மிச்சம் அந்தச் சொல்லைக் கட்டும் வழி. இது பிடிபட அம்மாவுக்காக நானே செய்த ஒரு குறிப்பைப் பாருங்கள்: 'குளச்சல், மணக்குடி முதல் வடசேரிக் கடை வரை உள்ள மாவட்டம் (3)'. மீன் வண்டி போகிற வழி மாதிரி இருக்கிறதா? 'முதல்' என்பது முதலெழுத்து: கு, ம. 'கடை' என்பது கடைசி எழுத்து: ரி. விடை குமரி, அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் சொல்வதுபோல மூன்று எழுத்து. முதல், இடை, கடை, தலை, கால் எல்லாம் தமிழில் ஏற்கெனவே இரட்டை வேலை பார்க்கிற சொற்கள். குறிப்பு எழுதுகிறவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆர்தர் வின் 1913-ல் நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் போட்ட முதல் புதிர் ஆங்கிலத்துக்கானது. அங்கே உயிரும் மெய்யும் தனித்தனிக் கட்டத்தில் இருப்பதால் எழுத்துகளை இஷ்டத்துக்குக் கலைக்கலாம். நமக்கு 'கு' ஒரே கட்டம், பிரிக்க முடியாது. அதனால் கலைத்துப் போடும் குறிப்புகள் தமிழில் குறைவாகத்தான் அமைகின்றன. 'நகரம் குலைந்தால் பாவிகள் போகுமிடம்' என்று நரகத்தைக் கேட்பது போல ஒன்று கச்சிதமாக விழுந்தால் அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருக்கும். மற்றபடி ஒட்டிச் சேர்ப்பதும் சிலேடையும்தான் நம் பலம். 'காலையிலேயே தோவாளையில் கட்டும் பொழுது (2)' என்றால் பூச்சந்தை ஞாபகம் வருகிற எவருக்கும் மாலை கிடைத்துவிடும்.

குறைகளும் உண்டு. பெரிய எரிச்சல் ஒற்று. 'தலைக்குப் பின்னால் வனம், மாசியில் கொடை (6)'. மண்டையும் காடும் சேர்ந்தால் ஐந்து எழுத்துதான், நடுவில் மிகும் 'க்' வந்தால்தான் அம்மன் கோயில் கொடைக்குப் பேர்போன மண்டைக்காடு ஆறு. நல்ல குறிப்பாளர் இதைச் சரியாக எண்ணுவார். நான் இரண்டு வருடம் சந்தா கட்டிய ஓர் இதழில் ஒற்றை ஒரு வாரம் எண்ணுவார்கள், மறு வாரம் விடுவார்கள். எழுதிக் கேட்டும் மாறவில்லை, நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஊர் வழக்கு. 'பிழிந்தபின் மிஞ்சும் (3)' என்ற குறிப்பில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். விடை சக்கை. எங்கள் வீட்டில் சக்கை என்றால் பலா, அதை யார் பிழிவார்கள்? அம்மாவிடம் சொன்னபோது, "சக்கைன்னு போட்டா சொளையல்லா ஓர்மை வரும்" என்றாள். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஊருக்கு ஊர் பொருள் மாறும் சொல்லைவிட நல்ல சரக்கு குறிப்பாளருக்கு எங்கே கிடைக்கும்?

பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடினார் காளமேகம். பாம்புக்கு நஞ்சு விஷம், பழத்துக்கு நைந்து போவது. பஸ் நெரிசலில் பைக்குள் மட்டிப்பழம் நைந்து புதிர்த்தாளில் ஒட்டிய நாளில்தான் அந்தச் சிலேடை எனக்கு முழுசாக விளங்கியது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மட்டி அது. அன்று சாயங்காலமே அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன்: 'தோலுரிக்க வேண்டிய முட்டாள் (3)'. அடுப்படியிலிருந்து திரும்பாமலே விடையைச் சொல்லிவிட்டாள்.