ஹனோய் போகிறவர்கள் கவனத்துக்கு: ஏரிக்கரை பில்லும் மாறிப்போன தீவும்

போன டிசம்பரில் நானும் என் மனைவியும் அக்காவும் அத்தானுமாக நான்கு பேர் வியட்நாம் தலைநகர் ஹனோய்க்குப் போய் ஆறு நாள் இருந்துவிட்டு வந்தோம். இரண்டு இடங்களில் நன்றாக ஏமாந்தோம். ஏரிக்கரை பார் ஒன்றில் பணம் போயிற்று. தீவுப் பயணத்தில் பணத்தோடு சேர்த்து, என் அத்தான் பல வருடமாக மனதில் வைத்திருந்த ஆசையும் போயிற்று. இப்போது நம் ஊர்ப் பக்கமிருந்து வியட்நாம் போகிறவர்கள் அதிகம். அவர்களில் நாலு பேராவது தப்பிக்கட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் பார் கதை. ஹனோயில் திரும்பிய பக்கமெல்லாம் ஏரிதான். ஊரின் நடுவில் ஹோவான் கீம், சின்னது. வடக்கே தே ஹோ, அதாவது மேற்கு ஏரி, கிட்டத்தட்ட 500 ஹெக்டேர். அதை ஒட்டியே ஒரு சாலையை மட்டும் நடுவில் விட்டு ட்ரூக் பாக் என்ற சிறிய ஏரி. பெரிய ஏரியைச் சுற்றிலும் காபிக் கடை, பார், மீன் சாப்பாட்டுக் கடை என்று வரிசையாக இருக்கின்றன. மாலையில் விளக்குகள் தண்ணீரில் விழும்போது உட்காராமல் யாராலும் போக முடியாது. நாங்களும் உட்கார்ந்தோம்.

வாசலில் நின்றிருந்த பையன் நன்றாக ஆங்கிலம் பேசினான். மெனு கார்டில் பொரித்த மீன் '180' என்று போட்டிருந்தது. அங்கே விலையில் கடைசி மூன்று பூஜ்யத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். 180 என்றால் 1,80,000 டாங். ஒரு லட்சம் டாங் நம் பணத்தில் முந்நூற்று முப்பது, நாற்பது ரூபாய் வரும். அப்படியானால் மீன் அறுநூறு ரூபாய் சொச்சம். ஏரிக்கரைக்கு இது சரிதான் என்று நினைத்துச் சொல்லிவிட்டோம். தொட்டியிலிருந்து ஒரு மீனைப் பிடித்துக் காட்டினான், நாங்கள் தலையாட்டினோம். எடை போட்டதை எங்களுக்குக் காட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பில் வந்தபோது மொத்தம் 34,30,000 டாங். ஏறக்குறைய பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய். மீன் மட்டும் 25 லட்சத்துக்கு மேல். '180' என்பது ஒரு மீனின் விலை இல்லையாம், ஒரு 'லாங்' விலையாம். அவர்கள் கணக்கில் லாங் என்றால் 100 கிராம். மீன் 1.4 கிலோ என்றார்கள். எங்கள் முன் வைத்த மீன் ஒரு கிலோகூட இருந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பையனைக் காணோம். வேறொருவர் மெனு கார்டைக் கொண்டுவந்து விரலை வைத்துக் காட்டினார். 180க்குப் பக்கத்தில் பேனாவால் 'லாங்' என்று எழுதியிருந்தது.

இங்கேதான் என் மனைவி காப்பாற்றினாள். ஊரில் இருக்கும் மகளுக்கு அனுப்புவதற்காக, உட்கார்ந்த உடனே மெனு கார்டைப் படம் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் படத்தில் 180க்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. கார்டின் ஓரக் கிழிசலும் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். அவர் சத்தம் போட ஆரம்பித்தார். அக்கா பயந்துபோய், "ஏல, கொடுத்துட்டு எழுந்திருடா, ஊர் பேர் தெரியாத இடத்துல வம்பு வேண்டாம்" என்றாள். நான் போனில் 113 என்று அழுத்தி அவருக்குத் தெரியும்படி மேஜைமேல் வைத்தேன். அது அங்கே போலீஸ் எண். அதன்பிறகு உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து 12 லட்சம் குறைத்தார். மிச்சத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். அப்போதும் அது அநியாய விலைதான். ஆனால் இரவு பத்தரை மணி, பெண்கள் கூட இருக்கிறார்கள், அதற்குமேல் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த பில்லில் ஈரத் துண்டுக்கும் மேஜையில் இருந்த வேர்க்கடலைக்கும் தனியாகக் காசு போட்டிருந்தார்கள். அதையும் மோசடி என்று அன்று கத்தினேன். அது என் தவறு. வியட்நாமில் பல கடைகளில் அப்படித்தான். உறையில் வரும் ஈரத் துண்டைப் பிரித்தால், மேஜையில் வைத்த கடலையையோ காடை முட்டையையோ தொட்டால், கணக்கில் வரும். தொடாவிட்டால் வராது. அது ஊர் வழக்கம். எடை காட்டாத மீனும் மாற்றிவைத்த மெனு கார்டும் வழக்கம் இல்லை.

மறுநாள் மாலை பயந்துகொண்டேதான் ட்ரூக் பாக் பக்கம் போனோம். அந்த ஏரியை ஒட்டிய நூ சா என்ற பகுதி ஒரு காலத்தில் வெண்கல வார்ப்புக்காரர்களின் ஊராம். இப்போது அங்கே 'ஃபோ குவோன்' பிரபலம். ஃபோ என்ற அரிசி நூடுல்ஸை வெட்டாமல் இட்லித்தட்டுத் துணிபோல அகலமாக வைத்து, இறைச்சியும் கீரையும் உள்ளே வைத்துச் சுருட்டித் தருவார்கள். விலை சுவரில் எழுதியிருந்தது. பிளாஸ்டிக் முக்காலி, ஏரிக் காற்று, ஆறிப்போகாத சாப்பாடு. காசு கொடுக்கும்போது என் மனைவி நோட்டு குழம்பி இரண்டு லட்சம் அதிகமாக வைத்துவிட்டாள். கடைக்காரப் பாட்டி தெரு முனைவரை பின்னாலேயே வந்து அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். முந்தைய இரவுக்கும் இதற்கும் நடந்து போகிற தூரம்தான். அதனால் ஹனோய்க்காரர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நோட்டு குழப்பம் என்றேனே, அதைக் கவனியுங்கள். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் படம், இரண்டும் வழுவழுப்பான பிளாஸ்டிக் நோட்டு. பழைய நகரத்தில் சைக்கிள் ரிக்‌ஷாவில் இறங்கிய அக்கா ஐந்து லட்சத்தைக் கொடுத்தாள். அவன் கையை ஒரு சுற்றுச் சுற்றி, நீங்கள் இருபதாயிரம்தான் கொடுத்தீர்கள் என்று அந்த நோட்டைக் காட்டினான். அதில் 1,600 ரூபாய்க்கு மேல் போனது. இருபதாயிரத்தையும் ஐந்து லட்சத்தையும் வெவ்வேறு பையில் வையுங்கள். கொடுக்கும்போது எத்தனை என்று சத்தமாகச் சொல்லிக் கொடுங்கள்.

இனி தீவு. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அத்தான் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். களக்காடு, முண்டந்துறைக் காடுகளில் கருமந்தி பார்க்கப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனவர். காட் பா என்ற தீவில் மட்டும் ஒரு வகை லங்கூர் குரங்கு இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. மிஞ்சியிருப்பவை நூறுக்கும் குறைவு. பெரியவை கருத்த உடம்பு, வெளிறிய பொன்னிறத் தலை. குட்டிகள் பிறக்கும்போது முழுக்க ஆரஞ்சு நிறம். கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் உட்கார்ந்திருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் படகிலிருந்தே தெரியும் என்று படித்து வைத்திருந்தார். ஊரிலிருந்தே பழைய பைனாகுலரைத் துடைத்து எடுத்து வந்தார். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பாறையையாவது பார்க்க வேண்டும் என்று எங்களிடம் பத்து தடவை சொல்லியிருப்பார்.

பழைய நகரத்தில் ஒரு டூர் ஏஜென்சியில் இரண்டு நாள் ஒரு இரவுப் படகுப் பயணம் பேசினோம். ஆளுக்கு 145 டாலர். காட் பா தீவை ஒட்டிய லான் ஹா விரிகுடா வழியாகப் போகும், தீவில் வியட் ஹாய் என்ற கிராமத்தில் சைக்கிள் ஓட்டலாம் என்றார்கள். படம் காட்டிய படகு அழகாக இருந்தது. ரொக்கமாக வாங்கிக்கொண்டு வியட்நாம் மொழியில் ஒரு ரசீது கொடுத்தார்கள். அதில் படகின் பெயர் இல்லை. விரிகுடாவின் பெயரும் இல்லை. எங்களுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

காலையில் வேன் வந்தது, இரண்டரை மணி நேரத்தில் படகுத்துறை. அங்கே நின்றது வேறு படகு. பேசிய படகு பழுதாம், இதுவும் அதே தரமாம். சரி என்று ஏறினோம். படகு கிளம்பி ஒரு மணி நேரம் ஆனபிறகு அத்தான் போனில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "மாப்ள, இவன் தெற்க போகலியே" என்றார். வழிகாட்டியிடம் கேட்டோம். சிரித்துக்கொண்டே எல்லாம் ஒரே கடல்தான் என்றான்.

ஒரே கடல்தான், ஆனால் ஒரே இடம் இல்லை. ஹாலோங், லான் ஹா, பைதூலோங் என்று பக்கத்துப் பக்கத்தில் மூன்று விரிகுடாக்கள். ஹாலோங் குவாங் நின் மாகாணத்தைச் சேர்ந்தது. லான் ஹாவும் காட் பா தீவும் ஹைஃபோங் நகர நிர்வாகத்தில் வருபவை. நுழைவுச் சீட்டும் வேறு, படகு போகும் வழியும் வேறு. 1994 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருந்தது ஹாலோங். காட் பா அதோடு சேர்க்கப்பட்டது 2023இல்தான். ஹாலோங்கும் அழகுதான், பொய் சொல்லக் கூடாது. கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் ஆயிரக்கணக்கான பாறைத் தீவுகளைப் பார்த்து என் மனைவி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஆனால் சுங் சோட் குகையில் வரிசையில் நின்று, டி டாப் தீவின் படிகளில் முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்தபடி ஏறிவிட்டு வந்தோம். சோவியத் விண்வெளி வீரர் டிட்டோவ் 1962இல் ஹோ சி மின்னோடு அங்கே வந்ததால் அந்தப் பெயராம். அந்தத் தகவலை எங்களுக்குச் சொன்னதும் அத்தான்தான், வழிகாட்டி இல்லை. சைக்கிளும் இல்லை, கிராமமும் இல்லை. கயாக்குக்குத் தனிக் காசு, குடிதண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசு. அக்கா சைவம் என்று முன்பே சொல்லியிருந்தும், கீரையில் மீன் சாறு ஊற்றிக் கொண்டுவந்தார்கள். அங்கே வெறும் கீரை, முட்டைகோஸில்கூட அது சேரும். சைவக்காரர்கள் 'ஆன் சாய்' என்ற சொல்லை எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் உயிர்காப்பு மிதவை விஷயத்தில். 2025 ஜூலையில் இதே ஹாலோங்கில் திடீர்ப் புயலில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது நினைவில் இருந்ததால் மிதவை எங்கே என்று அக்கா கேட்டாள். கட்டிலுக்கு அடியில் மூன்று இருந்தன. இரண்டில் பட்டி அறுந்திருந்தது. எப்படி மாட்டுவது, எங்கே ஓடுவது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்காவதைக் கேட்டு வாங்க அரை மணி நேரம் ஆனது. இரவு முழுக்க அக்கா உடுத்திய சேலையோடு உட்கார்ந்தே இருந்தாள்.

அதே படகில் வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி வேறொரு ஏஜென்சியில் ஆளுக்கு 85 டாலர்தான் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு முதலிலேயே ஹாலோங் என்றுதான் சொல்லியிருந்தார்களாம்.

மறுநாள் காலை அத்தான் மேல்தளத்தில் பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ சொன்னேன். "விடுடே, நீ என்ன செய்வ" என்றார். அதன்பிறகு பைனாகுலரை உறைக்குள் போட்டுவிட்டார். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஹனோய் திரும்பியதும் ஏஜென்சிக்குப் போனோம். முதலாளி இல்லை, நாளை வாருங்கள் என்றார்கள். நாங்கள் தங்கிய விடுதியின் வரவேற்பில் இருந்த பெண் தன் வேலை நேரம் முடிந்தபிறகு எங்களோடு வந்து, அவர்கள் மொழியில் அரை மணி நேரம் சண்டை போட்டார். 15 லட்சம் டாங் திரும்பக் கிடைத்தது. நாங்கள் கொடுத்தது 580 டாலர், அதாவது ஒன்றரைக் கோடி டாங். பத்தில் ஒரு பங்கு. பெட்டிக்குள் இருந்த திருநெல்வேலி அல்வாவை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

திரும்பும் வழியில் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். ஏஜென்சியின் பெயரை நம்பாதீர்கள், நல்ல பெயர் எடுத்த நிறுவனத்தின் பெயரையே பக்கத்துக் கடைக்காரனும் பலகையில் மாட்டிக்கொள்வான், முகவரியைச் சரிபாருங்கள். படகின் பெயர், விரிகுடாவின் பெயர், கிளம்பும் படகுத்துறை மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். படகு மாறினால் பணம் திரும்ப வேண்டும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். முடிந்தவரை கார்டில் கொடுங்கள், ரொக்கத்தைத் திரும்ப வாங்குவது தன்னாலேயே முடியாது என்றார்.

நகரத்தின் மற்ற பகுதிகளைப் பற்றியும் கேட்பீர்கள். பழைய நகரம் நெரிசல், ஆனால் நடக்க நடக்க அலுக்காது. ஹாங் பாக் வெள்ளிக்கு, ஹாங் கை பட்டுக்கு என்று தெருவுக்கொரு தொழில். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவுவரை ஹோவான் கீம் ஏரியைச் சுற்றி வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் நல்ல நேரம். தா ஹியன் என்ற பீர் தெருவில் அன்றன்றைக்குப் பீப்பாயில் வரும் பீர் மலிவு. ஆனால் பலூனில் சிரிப்பு வாயு நீட்டுபவர்கள் வந்தால் விலகுங்கள், 2025 முதல் அதற்குச் சட்டப்படி தடை.

அத்தான் மறுபடியும் போக வேண்டும் என்கிறார். இந்த முறை ஹனோயில் எதையும் பேச வேண்டாம், பஸ்ஸிலும் படகிலுமாகக் காட் பா தீவுக்கே போய் மூன்று நாள் தங்கி, அங்கிருந்து சின்னப் படகு எடுக்கலாம் என்று விடுதிப் பெண் சொன்ன வழியைத் தன் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். பைனாகுலர் அந்த டைரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.