நரம்பை எடுப்பதா, காப்பாற்றுவதா? ஆழமான சொத்தைக்கு நான்கு வழிகள்

கடைவாய்ப் பல்லில் சொத்தை ஆழமாகப் போய்விட்டால் நம் ஊரில் பெரும்பாலும் இரண்டே பேச்சுதான் அடிபடும்: ரூட் கேனால் செய்து கேப் போடுவதா, பிடுங்கிவிடுவதா. பெரம்பூர் பக்கம் என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். இவற்றுக்கு நடுவே இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. அடிச்சொத்தையில் கொஞ்சத்தை விட்டுவைத்து மேலே இறுக அடைப்பது ஒன்று. பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் மெத்தென்ற திசுவுக்குப் பல்ப் என்று பெயர்; அதன் மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, வேருக்குள் இருப்பதை உயிரோடு வைப்பது இன்னொன்று. நான்கில் எது உங்கள் பல்லுக்குச் சரி என்பதை உள்ளே இருக்கும் பல்ப்பின் நிலைதான் சொல்லும்.

வெளியே இருக்கும் எனாமல் எடைக்கணக்கில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது உப்பு. அதில் செல் எதுவும் இல்லை, போனது திரும்ப வளராது. அதன் அடியில் இருக்கும் டென்டின் வேறு மாதிரி. சுமார் 70 சதவீதம் தாது, 20 சதவீதம் பெரும்பாலும் கொலாஜன், மீதி தண்ணீர். இதைக் கட்டுபவை பல்ப்பின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஓடோன்டோபிளாஸ்ட் என்ற செல்கள். பல் முளைத்து முடிந்த பிறகும் இவை வேலையை நிறுத்துவதில்லை. ஆயுசுக்கும் மெதுவாகக் கட்டிக்கொண்டே இருக்கும். வயதானவர்களின் எக்ஸ்ரேயில் பல்ப் அறை சுருங்கித் தெரிவது அதனால்தான்.

டென்டின் முழுக்க நுண்குழாய்கள் ஓடுகின்றன. எனாமலுக்குப் பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 20,000, பல்ப்பை நெருங்கும்போது 45,000-க்கும் மேல். குழாயின் அகலமும் உள்ளே போகப் போகக் கூடும். ஆகவே சொத்தை ஆழமாக ஆழமாக, கிருமியின் நச்சு உள்ளே போகிற வழி பல மடங்கு திறந்துகொள்கிறது. நாங்கள் டிரில் செய்யும்போதும் அதே ஆபத்து உண்டு. மிஞ்சிய டென்டின் அரை மில்லிமீட்டருக்கும் கீழே போனால் அடியில் இருக்கும் செல்கள் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

மே மாத வெயிலில் ஐஸ் போட்ட கிர்ணி ஜூஸ் குடித்ததும் பல் சுரீர் என்கிறதே, அதுவும் இந்தக் குழாய்களின் வேலைதான். குளிர் பட்டதும் குழாய்க்குள் இருக்கும் திரவம் நகர்கிறது. அந்த நகர்வு வேகமான நரம்பிழைகளைத் தூண்டுகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் ஆய்வு செய்து நிலைநாட்டிய விளக்கம் இது. சுரீர் என்று வந்து சில விநாடிகளில் அடங்கிவிட்டால் பல்ப் இன்னும் தேறும் நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். குடித்து முடித்த பிறகும் வலி விடாமல் நின்றாலோ, ராத்திரி தானாக விண்விண் என்று தெறித்தாலோ வீக்கம் ஆழமாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது பேசுவது மெதுவான வேறு வகை நரம்பிழைகள்.

சரி, முதல் வழி. சொத்தைக் குழியின் ஓரங்களை முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு, பல்ப்புக்கு நேர் மேலே மட்டும் மெத்தென்ற டென்டினை ஒரு படலமாக விட்டு இறுக அடைப்பது. ‘சொத்தையை விட்டுவிட்டா அடைப்பீர்கள்?’ என்று கேட்கிறவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடைப்பு கசியாமல் இருந்தால், உள்ளே மாட்டிய கிருமிகளுக்கு இரை கிடைக்காமல் சொத்தை நின்றுவிடுகிறது. முழுக்கச் சுரண்டப் போய் பல்ப்பைத் திறந்துவிடும் ஆபத்தும் குறைகிறது. வலி பெரிதாக இல்லாத பல்லுக்கு நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

இரண்டாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பல் மருத்துவ உலகம் அண்மைக் காலத்தில்தான் இதன்மேல் நம்பிக்கை வைக்கத் தொடங்கியிருக்கிறது. பல்ப் கெட்டியான சுவருக்குள் அடைபட்டிருப்பதால், ஓரிடத்தில் வீங்கினால் ரத்த ஓட்டம் நெரிபட்டு மொத்தமும் செத்துவிடும் என்று முன்பு நினைத்தார்கள். அளந்து பார்த்தபோது அப்படி இல்லை. அழுத்தம் சொத்தைக்கு அருகில் மட்டும் ஏறுகிறது, ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் திசு நலமாகவே இருக்கலாம். அப்படியானால் வீங்கிய பகுதியை மட்டும் எடுத்தால் போதுமே! அதுதான் பல்பாட்டமி. எடுத்த இடத்தில் ரத்தம் சில நிமிடங்களில் நின்றால் மீதி நன்றாக இருப்பதற்கு அது நல்ல அறிகுறி. நிற்காவிட்டால் இன்னும் கீழே போக வேண்டும், இல்லையென்றால் ரூட் கேனால்.

பல்ப் தானாக ஆறுமா என்ற சந்தேகத்துக்கு 1965-இல் எலிகளை வைத்துச் செய்த ஒரு சோதனை பதில் சொன்னது. ககேஹாஷி குழுவினர் எலிகளின் பல்ப்பைத் திறந்து அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளுக்குப் பல்ப் அழுகியது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு, உணவு உள்ளே போய் அடைத்துக்கொண்டும்கூட, திறந்த இடத்தில் புது டென்டின் பாலம் கட்டியது. கொல்வது திறப்பு அல்ல, கிருமி. ரப்பர் டேம் (பல்லை எச்சிலிலிருந்து பிரித்து வைக்கும் ரப்பர் விரிப்பு) போடாமல், எச்சில் பட இந்தச் சிகிச்சையைச் செய்யக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மீதி பல்ப்பின் மேலே வைக்கும் மருந்திலும் போட்டி உண்டு. பழைய ஆள் கால்சியம் ஹைட்ராக்சைடு. மலிவு, காரத்தன்மை அதிகம், டென்டினுக்குள் புதைந்திருக்கும் வளர்ச்சிப் புரதங்களை விடுவித்து செல்களை உசுப்பும். குறை என்னவென்றால், அதன் கீழே உருவாகும் பாலத்தில் ஓட்டைகள் இருக்கும், மருந்தும் காலப்போக்கில் கரையும். 1990-களில் அமெரிக்காவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினெஜாத் குழு கொண்டுவந்த எம்டிஏ, அடிப்படையில் போர்ட்லாண்ட் சிமென்ட் வகை. நன்றாக இறுகும், ஓட்டை குறைவான பாலம் கட்டும். ஆனால் முதலில் வந்த வகை இறுக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிலிருக்கும் பிஸ்மத் பல்லைச் சாம்பலாக்கும். முன்பல்லில் அதை வைக்க எனக்கு மனம் வராது. அப்புறம் வந்த பயோடென்டின் பன்னிரண்டு நிமிடம் வாக்கில் இறுகிவிடுகிறது, நிறமும் பெரிதாக மாற்றாது. எக்ஸ்ரேயில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். கையில் பணம் இருந்தால் நான் சொல்வது பயோடென்டின்.

ரூட் கேனாலை நான் குறைத்துப் பேசவில்லை. பல்ப் செத்துவிட்டால், வேர் நுனியில் சீழ் கட்டிவிட்டால், பல்லைக் காப்பாற்ற அதுதான் வழி, நல்ல வழி. நன்றாகச் செய்த பல் பல வருடம் உழைக்கும். ஆனால் உயிருள்ள பல்ப்பை அதற்காக எடுக்கும்போது எடுப்பது நரம்பை மட்டுமல்ல. ரத்தக் குழாய், எதிர்ப்பு செல்கள், புது டென்டின் கட்டும் செல்கள், ஸ்டெம் செல்கள் எல்லாமே போய்விடுகின்றன. உள்ளே போக வழி வெட்டுவதில் பல்லின் சுவரும் குறைகிறது. கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடச் சொல்வது அதனால்தான்.

சிறுவர்கள் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் கூர்மையானது. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஆறு வயதில் முளைக்கும், வேர் முழுதாக வளர்ந்து மூட இன்னும் மூன்று வருடம் போல ஆகும். அதற்குள் பல்ப்பை எடுத்தால் வேர்ச்சுவர் மெல்லியதாகவே நின்றுவிடும், பின்னாளில் உடையும். எட்டு வயதுக் குழந்தைக்கு யாராவது நேரே ரூட் கேனால் என்றால், பல்பாட்டமி முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். வெளியே செலவு கட்டாது என்றால் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போய்க் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

பிடுங்குவது, மேலே கட்ட எதுவுமே மிஞ்சாத பல்லுக்கும் வேர் நெடுக்காக விரிசல் விட்ட பல்லுக்கும் மட்டும்.

பல்பாட்டமி தோற்றால் பிறகு ரூட் கேனால் செய்துகொள்ளலாம். ரூட் கேனால் செய்த பிறகு பல்பாட்டமிக்குத் திரும்ப முடியாது. ஐரோப்பிய எண்டோடான்டிக் (பல்ப், வேர் சிகிச்சை) சங்கம் 2019-இலும் அமெரிக்கச் சங்கம் 2021-இலும் வெளியிட்ட நிலைப்பாடுகள் வளர்ந்தவர்களின் பல்லுக்கும் இந்த வழியைப் பரிசீலிக்கலாம் என்கின்றன. செய்துகொண்டால் ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், வலி இல்லாவிட்டாலும். பல்ப்பின் மேல்பகுதி முழுவதும் எடுத்த பல்லில் ஐஸ் வைத்துப் பார்த்தால் கூச்சம் பெரும்பாலும் தெரியாது. அதை வைத்துப் பல் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், வேர் நுனி எக்ஸ்ரேயில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.