அட்டைப் பெட்டி ஹார்ப்: சில வருடம் வாசித்த பிறகு

அட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஹார்ப்பைப் பார்க்கிற எல்லோரும் கேட்பது அதைத்தான்: "அட்டையா? எத்தனை நாளைக்குத் தாங்கும்?" டொரோண்டோவின் கோடைப் புழுக்கத்தையும், ஹீட்டர் ஓடி வீடே காய்ந்து கிடக்கும் குளிர்காலத்தையும் அது மாறி மாறிப் பார்த்துவிட்டது. பெட்டி தளரவில்லை, ஒட்டு விடவில்லை. வயது தெரிவது வேறோர் இடத்தில்: மேலே, மரத்தில். அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

இது கிட்டாக, அதாவது தனித்தனிப் பாகங்களாக, வாங்கி வீட்டில் பூட்டியது. மொத்தம் 22 தந்திகள், அதாவது நடு ஸ்தாயி 'சி'க்கு ஒரு ஸ்தாயி கீழே தொடங்கிச் சரியாக மூன்று ஸ்தாயி. ஒலிப்பெட்டி முழுக்க நெளி அட்டை. தந்திகள் கோக்கும் நடுக்கோட்டில் மட்டும் உள்ளும் புறமும் ஒரு மரப்பட்டி. தந்திகளின் மேல்முனையைப் பிடித்திருக்கும் கழுத்தும், கழுத்தை முன்னால் தாங்கி நிற்கும் முன்தூணும் மேப்பிள் மரம். பசை, டிரில், உப்புத்தாள், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும், தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒட்டி முடித்ததும் அட்டையின் உள்ளேயும் வெளியேயும் வார்னிஷ் அடித்தேன். ஈரம் புகாமல் அது தாங்கியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எடை மூன்று கிலோவுக்குள். நான் வாங்கியபோது விலை சுமார் 200 டாலர், ஒரு சுமாரான கிடார் வாங்கும் காசு.

கச்சேரி மேடைகளில் பார்க்கும் பெடல் ஹார்ப்போடு இதை ஒப்பிடவே கூடாது. அதற்கு 47 தந்திகள், 7 பெடல்கள், எடை 35 கிலோவுக்கு மேல். அதன் தந்திகளெல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஒரு டன்னை நெருங்கும். எடை எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. இழுவை கூடினால் தந்திகள் கோக்கும் முன்பலகை தடிக்க வேண்டும், பலகை தடித்தால் அதை அதிர வைக்க இன்னும் இழுவை வேண்டும், கழுத்தும் தூணும் அதற்கேற்பப் பருக்க வேண்டும். இலேசான ஹார்ப் செய்கிறவர்கள் இந்தச் சங்கிலியைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்: முதலில் இழுவையைக் குறை, மற்றதெல்லாம் தானாக மெலியும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடு 'சி' நொடிக்கு 262 அதிர்வு. அரை மீட்டர் நீளமுள்ள 1 மில்லிமீட்டர் நைலான் தந்தியை அந்தச் சுருதிக்கு ஏற்றினால் ஏறக்குறைய 6 கிலோ இழுக்கும். மேலும் கீழும் உள்ளவை கொஞ்சம் கூடக்குறைய இழுக்கும். 22 தந்திக்கும் கூட்டினால் 110, 120 கிலோ. இரண்டு ஆள் எடை. அதை அட்டை தாங்குகிறது என்றால் மாயமில்லை. பட்டி அந்த இழுவையை நீளவாக்கில் பரப்பிவிடுகிறது. அட்டையின் நெளிகள் பட்டிக்குக் குறுக்கே ஓடுவதால் வளையாமல் எதிர்க்கின்றன. முதல் சில மாதங்களில் முன்பக்கம் தொப்பை போட்டது. பயந்துவிட வேண்டாம், விலை உயர்ந்த ஹார்ப்புகளும் தொப்பை போடும். ஓரளவு எழும்பி நின்றுவிட்டால் சரி. என்னுடையது நின்றுவிட்டது.

சத்தம்? நடு ஸ்தாயி நிஜமாகவே நன்றாக இருக்கிறது. கண்ணை மூடிக் கேட்பவர்கள் அட்டை என்று சொல்ல மாட்டார்கள். மேலே போகப் போக நாதம் குறுகும். கடைசி ஐந்தாறு தந்திகள் 'டிக் டிக்' என்று மரத்தைத் தட்டுவது போலத்தான் ஒலிக்கும், நீளாது. கீழ் ஸ்தாயி பலவீனம். இது அட்டையின் குற்றமில்லை. ஒரு ஸ்தாயி கீழே போகத் தந்தி இரண்டு மடங்கு நீள வேண்டும், சின்ன ஹார்ப்பில் அதற்கு இடமில்லை. அதனால் தந்தியைத் தடிக்கச் செய்து ஈடுகட்டுகிறார்கள், தடித்த நைலான் மந்தமாகப் பேசும். சின்ன ஹார்ப் வாங்கிவிட்டுக் கீழ்த்தந்தியில் ஆழம் இல்லை என்று குறைப்படுவதில் அர்த்தமே இல்லை.

தந்தி விஷயத்தில் நான் செலவழித்த காசுதான் இந்த வாத்தியத்தில் மிகப் பயனுள்ள காசு. கிட்டோடு வந்த நைலான் சுமார் ரகம், உச்சித் தந்தி அடிக்கடி அறுந்தது. விற்றவரிடம் கேட்டதற்குப் பதில் வரவில்லை. மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் ஃப்ளூரோகார்பன் தூண்டில் நரம்பை வாங்கி மேல் ஸ்தாயியில் மாட்டினேன். நைலானைவிட அடர்த்தி கூடியது, அதே இழுவைக்கு ஐந்தில் ஒரு பங்கு மெல்லிசாகப் போட்டால் போதும். சத்தம் தெளிந்தது. உக்குலேலே வாசிப்பவர்களுக்கு இது பழைய சங்கதி. அடியில் இரண்டு தந்திகளுக்கு மட்டும் மேலே இழை சுற்றிய ரகம் போட்டிருக்கிறேன். அவை கொஞ்சம் முனகுவதை நிறுத்திப் பேச ஆரம்பித்தன. புது நைலான் போட்டால் முதல் சில வாரம் ஒவ்வொரு நாளும் சுருதி இறங்கும், சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் அடங்கிவிடும். ஃபோனில் ஒரு ட்யூனர் செயலி, நான்கு பட்டைச் சாவி ஒன்று. சி தந்திகள் சிவப்பு, எஃப் தந்திகள் கறுப்பு, வழி தப்பாது.

இனி கழுத்துக்கு வருவோம். ஹார்ப்பில் தந்திகள் கழுத்தின் நடுவில் தொங்குவதில்லை. இடப்பக்கத்தில் அடித்த பின்களில், அதாவது சாவி போட்டுத் திருகும் முளைகளில், சுற்றியிருக்கும். ஆகவே அந்த நூற்றுச் சொச்சம் கிலோவும் கழுத்தைக் கீழே இழுப்பதோடு நிற்காமல் இடப்பக்கமாக முறுக்கவும் செய்கிறது. இரவும் பகலும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். இரண்டாம் குளிர்காலத்துக்குப் பிறகு கழுத்தும் தூணும் சேரும் மூட்டில், வலப்பக்கத்தில், ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. ஒரு தாள் நுழையும் அளவு. அது இன்றுவரை பெரிதாகவில்லை. ஆனால் இந்த வாத்தியத்தின் ஆயுள் முடியும்போது அங்கேதான் முடியும், அட்டையில் இல்லை. மலிவு ஹார்ப் வடிவமைப்பவர்கள் பெட்டியைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது இந்த மூட்டுக்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும். ஒற்றைப் பலகைக் கழுத்துக்குப் பதில் பல அடுக்கு ஒட்டுமரம், மூட்டில் தடித்த மரமுளைகள், முடிந்தால் இரண்டு பக்கமும் மெல்லிய ப்ளைவுட் ஒட்டு. எடை நூறு, இருநூறு கிராம்தான் கூடும்.

இதற்கு இன்னொரு தீர்வு எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பராகுவேயின் ஹார்ப்பில் கழுத்து இரண்டு பாதிகளாக இருக்கும், தந்திகள் நடுவிலுள்ள இடைவெளி வழியாக மேலே போகும். மேலே கிடாரில் இருப்பது போன்ற பல்சக்கர முடுக்கிகள். இழுவை நேர்கோட்டில் இறங்குவதால் முறுக்கு இல்லை, முறுக்கு இல்லாததால் கழுத்து பருமனாக வேண்டியதில்லை. வழக்கமாக 36 தந்தி உள்ள, ஆள் உயர வாத்தியம், ஆனாலும் ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். ஐரோப்பிய, வட அமெரிக்கச் சின்ன ஹார்ப் செய்பவர்களில் பலர் இன்னும் பக்கவாட்டுப் பின்களிலேயே நிற்பதற்கு முக்கியக் காரணம் லீவர், தந்தியின் சுருதியை உயர்த்தும் கருவி. லீவர் பொருத்தக் கழுத்தின் பக்கவாட்டுப் பரப்பு தேவை.

ஊரிலிருந்து வந்தவர்கள் "இது யாழ்தானே?" என்பார்கள். உறவுதான், ஆனால் உடம்பு வேறு. நம்முடைய யாழ் வில் போல வளைந்த கோடு (தண்டு) கொண்டது, முன்தூண் கிடையாது. தூண் இல்லாமல் அதிக இழுவை கொடுத்தால் வில் மூடிக்கொள்ளும். முறுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், தூண் என்ற ஒரே குச்சிதான் மூன்று கிலோ வாத்தியத்தை நூறு கிலோவுக்கு மேல் தாங்க வைக்கிறது.

லீவர் என்றேனே, அது தந்தியை ஒரு இடத்தில் அழுத்தி அரை ஸ்வரம் உயர்த்தும் சின்னக் கருவி. நான் வாங்கியபோது ஒன்று 15 முதல் 20 டாலர். 22 தந்திக்கும் போட்டால் ஹார்ப்பைவிட லீவர் விலை கூடிவிடும். அதனால் பி, எஃப், சி தந்திகளுக்கு மட்டும் போட்டேன், மொத்தம் 10. எஃப் மேஜருக்குச் சுருதி சேர்த்துவிட்டால் எஃப், சி, ஜி, டி என்று நான்கு மேஜர் ஸ்கேல்கள் கிடைக்கும். வீட்டு வாசிப்புக்கு இதற்கு மேல் தேவைப்படவில்லை.

நம் ராகங்களுக்கு என்ன வழி என்று கேட்பவர்களுக்காக: 'சி'யை சட்ஜமாக வைத்தால், லீவர் எல்லாம் கீழே இருக்கும்போது ஹரிகாம்போஜி. பி லீவர்களை ஏற்றினால் சங்கராபரணம். எஃப்பையும் ஏற்றினால் கல்யாணி. சங்கராபரணத்திலேயே சட்ஜத்தை 'டி'க்கு மாற்றி வாசித்தால் கரகரப்பிரியா, 'ஏ'க்கு மாற்றினால் நடபைரவி. கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு இது விளையாட்டு. மாயாமாளவகௌளைக்கு டியும் ஏயும் சேர்ந்து ஆறு தந்தியைச் சாவி போட்டு இறக்க வேண்டும், சரளி வரிசைக்காக அதைச் செய்யச் சோம்பலாக இருக்கிறது. கமகம் கிடையாது. லீவரைத் தட்டி அரை ஸ்வரம் ஏற்றி இறக்கலாம், அதைக் கமகம் என்று சொன்னால் பாட்டு டீச்சர் அடிக்க வருவார். மோகனம் மட்டும் இதில் பிறந்தது போல உட்காருகிறது.

மடியில் வைத்து வாசிப்பது பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெரிய ஹார்ப் தன் எடையிலேயே தோளில் சாய்ந்து நிற்கும். இது நிற்காது. கொஞ்சம் அழுத்தி மீட்டினால் நகரும், வழுக்கும். இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை, இரண்டு தொடை மீதும் கிடக்கும்படி அடியில் ஒரு குறுக்குக் கட்டை, இரண்டும் போட்ட பிறகுதான் கை சுதந்திரமானது. எடை குறைவதற்கும் ஓர் எல்லை உண்டு என்று எனக்குத் தோன்றியது இங்கேதான். ஆனால் சப்வேயில் தோளில் மாட்டிக்கொண்டு போகும்போது அந்த எண்ணம் மறைந்துவிடும். முதியோர் இல்லத்தில் கட்டில் கட்டிலாகப் போய் வாசிக்கவும் இதைவிடத் தோதான அளவு இல்லை. சத்தம் அறையைத் தாண்டாது என்பது அங்கே நன்மை.

போன வருடம் ப்ளைவுட்டில் 26 தந்தி ஹார்ப் ஒன்றும் செய்தேன். முன்பலகை 3 மில்லிமீட்டர் பிர்ச் ப்ளைவுட், கழுத்து அடுக்கு ஒட்டுமரம். எடை நாலரை கிலோ. மேல் தந்திகள் நீண்டு ஒலிக்கின்றன, சத்தமும் கூட. ஆனால் நடு ஸ்தாயியின் அந்த மென்மை அட்டையில்தான் இருக்கிறது, ஒருவேளை என் காது பழகிவிட்டதோ என்னவோ. ப்ளைவுட் ஹார்ப்பில் உண்மையாக எனக்குப் பிடித்தது தந்தி இடைவெளி. கிட்டில் 11 மில்லிமீட்டருக்கு நெருக்கியிருந்தார்கள், பெரியவர் விரலுக்கு அது இடிக்கும். புதியதில் 13 வைத்தேன். பிற்பாடு பெரிய ஹார்ப்புக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளைப் பழக்குகிறவர்கள், விலைக்கு முன்னால் இந்த அளவைக் கேளுங்கள்.

பழையது வாங்குவதானால் விற்பவரிடம் முழுச் சுருதியில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தளர்த்திவைத்த ஹார்ப்பில் எதுவும் தெரியாது. பிறகு தலைக்கு மேலிருந்து கழுத்தின் நீளத்தை ஒற்றைக் கண்ணால் பாருங்கள், இடப்பக்கம் வளைந்திருந்தால் எவ்வளவு என்று தெரியும். தூண் மூட்டின் வலப்பக்கத்தில் நகத்தை ஓட்டுங்கள். பின்கள் சாவிக்கு இறுக்கமாகத் திரும்புகின்றனவா, வழுக்குகின்றனவா என்று நான்கைந்தைத் திருகிப் பாருங்கள். பெட்டியில் கீறல், கறை இருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்கிவிடுங்கள்.