கருப்பட்டிக்கு எந்தக் காகிதப் பை: பழைய தாளா, புது நாரா, கரும்புச் சக்கையா?

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, மண்டபத்தை அடுத்து இராமேசுவரம் சாலையோரத்தில் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் விற்கும் எங்கள் குடும்பக் கடையில் முதலில் எழுந்த கேள்வி பையைப் பற்றியதுதான். துணிப்பையை அதிகம் யோசிக்காமலே விட்டுவிட்டோம். ஊர் திரும்பும் அவசரத்தில் அரைக் கிலோ கருப்பட்டி வாங்கும் யாத்திரிகர் பைக்குத் தனியாகக் காசு தரமாட்டார், சும்மா கொடுத்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பனையோலைக் கொட்டானை விடக் கருப்பட்டிக்குப் பொருத்தமானது வேறில்லை என்றாலும், முடைகிறவர்களிடமிருந்து கடைக்குத் தேவையான அளவு கிடைப்பதில்லை என்பதால், பரிசாகக் கேட்பவர்களுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறோம். எஞ்சியது காகிதம். அதிலும் மூன்று வகைப் பைகள் எங்கள் முன் வந்தன: பழைய அட்டைப் பெட்டிகளைக் கூழாக்கிச் செய்த பழுப்புப் பை, புதிய மரக்கூழில், அதாவது புது நாரில், செய்த கிராஃப்ட் பை, கரும்புச் சக்கைத் தாளில் செய்த வெள்ளைப் பை.

மறுசுழற்சித் தாள் பாவமற்றது, புது நார் என்றால் காடு அழிந்தது, வெள்ளைத் தாள் என்றால் விஷம் என்ற மூன்று நம்பிக்கைகளோடுதான் நானும் தொடங்கினேன். ஆகவே முதல் ஆண்டு முழுவதும் பழைய தாள் பையையே வாங்கினோம். இன்று கடையில் பெரும்பாலும் புழங்குவது புது நார்ப் பை. இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் வாசகருக்கு ஐயம் வேண்டாம்.

காட்டைப் பற்றிய அச்சம் முழுப் பொய்யன்று, ஆனால் நாம் நினைக்கும் இடத்தில் அது இல்லை. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, மரத்தை நம்பிய தொழிற்சாலைகள் தங்களுக்குத் தேவையான மரத்தை விவசாயிகளிடம் வளர்த்து வாங்க வேண்டும் என்று கூறியது. இன்று நம் நாட்டுக் காகித ஆலைகளுக்குச் செல்லும் மரத்தில் பெரும்பகுதி தைல மரம், சவுக்கு, சூபாபுல் என வயல்களில் நட்டு, சில ஆண்டுகளில் வெட்டி, மீண்டும் நடப்படுவதுதான். தைல மரத் தோப்பைக் காடு என்று நான் சொல்லமாட்டேன். அங்கே பறவையும் குறைவு, நிலத்தடி நீரைப் பற்றிய முறையீடும் உண்டு. ஆனாலும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்காக மேற்குத் தொடர்ச்சி மலையில் மரம் சாய்வதாகக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சரியன்று. நான் வாங்கும் பையிலோ கப்பலில் வந்த பைன் மரக்கூழும் கலந்திருக்கிறது. வெளிநாட்டுக் காடுகள் எல்லாம் ஒரே ஒழுங்கில் பேணப்படுவதில்லை என்பதால், பொறுப்பாகப் பேணப்படும் காட்டு மரம் என்று சான்றளிக்கும் எஃப்எஸ்சி முத்திரை உள்ள தாளா என்று கேட்டே வாங்குகிறேன்.

வெள்ளைத் தாளின் மீதான பழி பழைய காலத்துக்குப் பொருந்தும். குளோரின் வாயுவை நேரடியாகப் பயன்படுத்தி வெளுத்த காலத்தில் கழிவுநீரில் டையாக்சின் சேர்ந்தது உண்மை. பின்னர் பெரிய ஆலைகள் பலவும் குளோரின் டையாக்சைடு முறைக்கு மாறியதால் அந்த நஞ்சு வெகுவாகக் குறைந்தது. கரூர் மாவட்டம் புகழூரில் 1984 முதல் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு எழுந்தது. சர்க்கரை ஆலைகள் தங்கள் கொதிகலனில் எரித்துவந்த சக்கையைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக அவற்றுக்கு வேறு எரிபொருளோ நீராவியோ கொடுப்பதுதான் ஏற்பாடு. சக்கைத் தாள் இலவசமாக வந்த கழிவில் செய்தது என்ற எண்ணம் இங்கேதான் இடறுகிறது: எரிபொருளாக இருந்ததை எடுத்துக்கொண்டால் அதன் இடத்தில் இன்னொன்று எரிந்தாக வேண்டும், அது பெரும்பாலும் நிலக்கரி. அந்த ஆலைக்கும் தண்ணீர் காவிரியிலிருந்துதான். எங்கள் மாவட்டத்துக்குக் குழாயில் வரும் குடிநீரும் காவிரிதான். காகிதத்துக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்ற கேள்வி எங்களுக்குத் தூரத்துச் செய்தியன்று. சக்கைத் தாள் பையில் நான் ஒரே ஒரு கட்டுத்தான் வாங்கினேன், அதுவும் வெயில் காலத்தில். எனவே அதைப் பற்றி இதற்குமேல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

முடிவைத் தீர்மானித்தது ஈரம். கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும் பண்டம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றும் அடைமழையும் சேர்ந்துகொண்டால் காலையில் அடுக்கிய வட்டு மாலைக்குள் பிசுபிசுக்கும். முதல் ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் பழுப்புப் பைகளின் அடி, வாடிக்கையாளர் பேருந்து ஏறுவதற்குள் பிய்ந்தது. அதன் பிறகு எங்கள் பையன்கள் கேட்காமலே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை போடத் தொடங்கினார்கள். மாதக் கடைசியில் பைக் கணக்கைப் பார்த்தபோதுதான், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று வாங்கிய பையை இரட்டிப்பாகச் செலவழித்துக்கொண்டிருப்பது எனக்கு உறைத்தது.

காரணம் நாரில் இருக்கிறது: நார் நீண்டிருந்தால் தாள் எளிதில் கிழியாது. பைன் நார் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளம். தைல மர நார் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு முறை கூழாகி உலரும்போதும் நார் ஒடிந்து குறுகுகிறது, விறைத்துப்போகிறது, பக்கத்து நாரோடு ஒட்டும் திறனையும் இழக்கிறது. ஐந்து முதல் ஏழு சுற்றுக்கு மேல் அது தாளாக நிற்காது என்பது பொதுவான கணக்கு. இடையிடையே புது நார் சேராவிட்டால் மறுசுழற்சியே நின்றுவிடும் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. கிராஃப்ட் என்ற ஜெர்மன் சொல்லுக்கே வலிமை என்றுதான் பொருள்.

ஆலைக்குள்ளும் கணக்கு ஒருதலைப்பட்சமானதன்று. மறுசுழற்சிக்குத் தண்ணீரும் மின்சாரமும் குறைவாகத் தேவை என்பது சரியே. ஆனால் மரத்தை இரசாயனங்களோடு வேகவைத்துக் கூழாக்கும் கிராஃப்ட் முறையில் மரத்தின் ஏறத்தாழப் பாதி கரைந்து கறுப்புத் திரவமாக வெளியேறுகிறது. அதைச் சுண்டவைத்து எரித்து, கூழாக்கப் பயன்பட்ட இரசாயனங்களையும் மீட்டு, தனக்கு வேண்டிய நீராவியிலும் மின்சாரத்திலும் பெரும்பகுதியை ஆலையே ஆக்கிக்கொள்கிறது. பழைய தாளை மட்டும் கூழாக்கும் ஆலைக்கு அந்தத் திரவம் கிடையாது. வெளியிலிருந்து எரிபொருளோ மின்சாரமோ வாங்கத்தான் வேண்டும். கிலோவுக்குக் கிலோ வைத்துப் பார்த்தால் பழைய தாள் பல வகையில் முந்தக்கூடும். ஒரு கிலோவின் இடத்தில் இரண்டு கிலோ செலவாகும் எங்கள் கடையில் அந்த முந்துதல் நிற்காது.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, புவி வெப்பமாதல் கணக்கில் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒருமுறை பயன்படுவதற்கு ஈடாகக் காகிதப் பையை மூன்று முறையும் பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும் என்றது. ஆகக் காகிதம் என்பதாலேயே பை பச்சையாகிவிடாது. அந்த மூன்று முறையை அது தாங்குமா என்பதே கேள்வி. பிய்ந்த பை ஒருமுறைகூட முழுதாகப் பயன்படவில்லை. கிராஃப்ட் பையையோ உள்ளூர்க்காரர்கள் மடித்து வைத்து, அடுத்த வாரம் அதிலேயே கேட்டு வாங்கிப்போகிறார்கள். விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இரண்டு பை போட்ட செலவோடு பார்த்தால் அதுவும் குறைவுதான்.

அப்படியானால் மலிவான பிளாஸ்டிக்கே போதுமே என்று அந்த ஆய்வைக் காட்டி வாதிடுவோரும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் கடற்புல் மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவையும் வைத்துக்கொண்டு இங்கே யாரும் அப்படிப் பேச முடியாது. காற்றில் பறந்து கடலில் விழுந்த காகிதம் ஊறிப் பிரிந்துவிடும், பிளாஸ்டிக் அப்படியே மிதக்கும். ஆனால் உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதப் பைக்கு இந்த வாதம் பொருந்தாது. ஈரத்துக்கு மருந்து என்று சொல்லி ஒரு விற்பனையாளர் அதைக் கொண்டுவந்தார். எளிதில் மட்காது, எளிதில் கூழாகவும் ஆகாது, தடைப்பட்டியலிலும் இருக்கிறது. திருப்பி அனுப்பிவிட்டோம்.

பங்குனி, சித்திரையில் பனங்கற்கண்டுக்கு மட்டும் இன்றும் பழைய தாள் பையே போடுகிறோம். கற்கண்டு கசிவதில்லை, ஒரு பை போதுமாக இருக்கிறது.