உத்தரவாதக் காலத்தில் கல்லடிக் கராஜை நம்பலாமா?

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்கு அப்பால் உள்ள சிறிய கராஜ் ஒன்றில், உத்தரவாதம் இன்னும் முடியாத என் காரைச் சேர்விஸ் செய்வித்தேன். கைவேலையைப் பொறுத்தவரை கார் நிறுவனத்தின் முகவர் நிலையத்துக்கு அது சற்றும் குறைந்ததல்ல. கைநூலில் குறிப்பிட்ட 0டபிள்யூ-20 தர இயந்திர ஒயிலை, மூடி உடைக்காத கொள்கலனைக் காட்டிய பின்னரே ஊற்றினார்கள். ஒயில் வடிக்கும் ஆணியின் வாஷரையும், பழையதைத் துடைத்துப் போடாமல், புதிதாகவே மாற்றினார்கள். கூலியும் நியாயமானது.

சிக்கல் பற்றுச்சீட்டில்தான். முதலில் தந்த துண்டுச்சீட்டில் மொத்தத் தொகை மட்டுமே இருந்தது. நாளை இயந்திரம் பழுதடைந்தால் முகவர் முதலில் கேட்பது சேர்விஸ் பதிவையே என்பதால், சேசிஸ் இலக்கம், ஓடிய கிலோமீற்றர், ஒயிலின் தரம், பில்டரின் இலக்கம் ஆகியவற்றை எழுதித் தருமாறு கேட்டேன். உரிமையாளர் முகம் சுளிக்காமல் எழுதித் தந்தார். அமெரிக்காவில், வெளியில் சேர்விஸ் செய்ததை மட்டும் காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுப்பதை 1975ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்றாலும், அதை இங்கே காட்டி வாதாட இயலாது. நம் கையிலுள்ள உத்தரவாதப் புத்தகத்தின் நிபந்தனைகளே பேசும். முகவரின் முத்திரை கட்டாயம் என்று அதில் இருந்தால், முகவர் நிலையம் உள்ள கொழும்பு 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தாலும், குறித்த சேர்விஸை அவர்களிடமே செய்வதுதான் புத்தி. மென்பொருள் புதுப்பித்தலும் இலவசத் திருத்தமும் இந்தக் கராஜில் கிடையா.

பிரேக் சுத்தம், கடற்காற்றின் உப்பேறிய அடிப்பாகத்தைக் கழுவுதல் போன்றவற்றுக்கு இங்கேயே தாராளமாகப் போகலாம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது.